சூளையின் சூடும் முதலாளியின் சினமும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பணியாற்றும் தந்தை ஒருவர் அண்மையில் தம் மனக்குறையை என்னிடம் கூறினார். ஓவியம் பயின்ற அவருடைய மகன், சென்னையில் ஓர் அழகுப் பொருள் நிறுவனத்தில் விளம்பரங்களும் உறைகளும் வரைகிறான். நிறுவனத்தைத் தோற்றுவித்தவரே அதை நடத்துகிறார். காலையில் பாராட்டிய படத்தை மாலையில் குப்பை என்கிறார். எல்லார் முன்னிலையிலும் ஏசுகிறார். மறுநாள் தோளில் தட்டிப் பரிசளிக்கிறார். "பையன் வரையவே அஞ்சுகிறான், ஐயா. வேலையை விட்டு வரச் சொல்லலாமா?" என்று வினவினார்.

முதலில் நிறுவனர் பக்கத்தையும் நோக்குவோம். சிறு உறை ஷாம்புவின் வரலாறு நம் கடலூர் மாவட்டத்தோடு பிணைந்தது. பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்ய முனைந்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மைந்தருள் ஒருவரான சி. கே. ரங்கநாதன், கருத்து வேறுபாட்டால் குடும்பத் தொழிலினின்று விலகி, 1983-இல் 15,000 ரூபாய் முதலுடன் தனித்துத் தொடங்கினார். தந்தை பெயரின் எழுத்துகளால் 'சிக்' எனப் பெயரிட்டார். சிற்றூர்களில் சிறுவர்க்குத் தலை கழுவிக் காட்டியும், காலி உறைகளுக்குப் புதிய உறை வழங்கியும் விற்றார். 1998-இல் அந்நிறுவனம் கெவின்கேர் எனப் பெயர் பெற்றது. இவ்வாறு கைப்பொருளையெல்லாம் பணயம் வைப்பவர்க்கு உறையின் நிறம்கூட வாழ்வா சாவா என்னும் கேள்வியே.

ஆயினும், சினத்தின் காரணத்தை உணர்வது வேறு. அவமதிப்பை ஏற்பது வேறு. இதை அத்தந்தையின் தொழிலே கற்பிக்கிறது. பீங்கான் 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிலும் உடைவதில்லை, உறுதியே பெறுகிறது. ஆனால் ஆறும்போது, ஏறத்தாழ 573 பாகையில், அதிலுள்ள படிகக்கல் துகள்கள் சட்டெனச் சுருங்கும். அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் விரிசல்தான். கெடுப்பது சூடன்று, திடீர் மாற்றமே.

ஆகவே அவரிடம் கூறினேன்: "என்ன வேண்டும் என்பதை மகன் எழுத்தில் பெறட்டும். ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுக் கோப்பில் வைக்கட்டும். 'எது குறை?' என்று பணிவாகக் கேட்கட்டும். விடை படத்தைப் பற்றியதாயின் திருத்தட்டும். தன்னை இழிப்பதாயின், தனிமையில், அமைதியாக மறுப்பைத் தெரிவிக்கட்டும். மூன்று திங்களில் மாற்றம் இல்லையேல் வேறிடம் தேடிக்கொண்டு விலகட்டும். விலகுவது தோல்வியன்று, ரங்கநாதனும் விலகி வந்தவரே."

பெற்றோரே, "சம்பளம் போய்விடுமே" என்ற நம் அச்சத்தையும் பிள்ளையின் தோளில் ஏற்றலாகாது. வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று அறிந்த பிள்ளைக்கே வெளியில் நிமிர்ந்து பேசும் துணிவு பிறக்கும். அத்தந்தை அன்றிரவே மகனிடம் பேசுவதாகக் கூறிச் சென்றார்.