மகனின் பையில் ஒரு சோதனைச் சீட்டு



"கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மகனின் பையில் அரசு மருத்துவமனைச் சீட்டொன்று அகப்பட்டது. மேலே 'நம்பிக்கை மையம்' என்று அச்சிட்டிருந்தது. அது என்ன மையம் என்று விசாரித்து அறிந்ததிலிருந்து அவன் முகத்தில் விழிக்க எனக்கு மனமில்லை. என்ன செய்வது?" என்று ஒரு தந்தை கேட்கிறார்.

முதலில், அந்தச் சீட்டு எவர்மீதும் குற்றஞ் சாட்டுவதன்று. காசநோய் கண்டவர்களுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் எச்.ஐ.வி. சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. ஆயினும், தந்தை அஞ்சுவதே உண்மையாயிருந்தாலுமென்ன? தவறி நடந்த பிள்ளை, பயத்தை விழுங்கிக்கொண்டு தானாகவே சோதனைக்குப் போயிருக்கிறான் என்றால், அவனுக்குள் பொறுப்புணர்ச்சி இன்னும் மாளவில்லை என்றே நான் கொள்வேன். ஆறாம் கட்டளையை நாம் தளர்த்திவிட வேண்டியதில்லை. ஆனால் நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன் ஒழுக்கச் சான்றிதழ் கேட்பது எந்தக் கட்டளையிலும் இல்லை.

அந்த மையத்தில் நடப்பது என்ன? ஆலோசகர் ஒருவர் வந்தவரைத் தனியே அமர்த்திப் பேசுகிறார். சோதனை எதற்கு, முடிவு எப்படி அமைந்தால் என்ன பொருள் என்பதை விளக்கி, சம்மதம் பெற்ற பின்னரே இரத்தம் எடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. முதற் சோதனையில் கிருமியின் அடையாளம் தென்பட்டால், வேறு இரு முறைகளில் மீண்டும் சோதித்து உறுதி செய்த பிறகே நோய்த்தொற்று உண்டென்று சொல்வார்கள். கிருமி உடலில் புகுந்த சில வாரங்கள் வரை சோதனையில் அது புலப்படாமல் போகலாம். ஆகையால் மூன்று மாதம் கழித்து மறுமுறை வரச் சொல்வதுண்டு. இதையறியாமல், "ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள், ஏன் மறுபடி போகிறாய்?" என்று மகனைக் குடைய வேண்டாம்.

எச்.ஐ.வி. மட்டுமே நோயன்று. நம் முன்னோர் மேகநோய் என்ற சிபிலிஸைப் பாருங்கள். முதலில் வலியில்லாத ஒரு புண் தோன்றும். சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறிற்று என்று இளைஞன் மகிழ்ந்திருக்க, நோயோ உள்ளே தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் இருதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டால் பெனிசிலின் ஊசியால் குணமாகும். 1943ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்ட உண்மை இது! கிளமிடியா என்பதோ பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கவனியாது விட்டால் பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடலாம். வெட்கத்தால் மறைத்து, பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம் ஒட்டும் போலி வைத்தியரிடம் பணத்தைக் கொட்டும் மாணவர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது மருந்து இல்லை. ஆகவே அன்று மக்கள் நடுங்கியதில் வியப்பில்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நாள்தோறும் தவறாமல் உண்பவர் படிக்கலாம், உழைக்கலாம், மணம் செய்யலாம். இரத்தத்தில் கிருமி காணமுடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியே பிறருக்கு அது பரவுவதுமில்லை. நம் வீடுகளில் உள்ள அச்சம் மட்டும் 1986லேயே நின்றுவிட்டது.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின்படி, தொற்றைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரை வெளியேற்றக் கூடாது. சேர்ப்பதற்கு முன் சோதனை கேட்கவும் கூடாது. நம் சபைகள் நடத்தும் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பதினெட்டு வயது நிரம்பியவர் தாமே சம்மதம் தரலாம். அதற்குக் குறைந்தவர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை. வயது வந்த பிள்ளையின் முடிவை அவன் இசைவின்றித் தகப்பனுக்குச் சொல்ல ஆலோசகர் மறுத்தால் கோபங் கொள்ளாதீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை நான் உங்களிடம் சொல்வேனா? அந்த இரகசியத்தை நம்பித்தான் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

எனவே, கடிதம் எழுதிய அன்பரே, சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இரவு உணவுக்குப்பின் அவனோடு சற்று நடந்துவாருங்கள். "உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் சொல்; உன்னோடு மருத்துவமனைக்கு நானும் வருவேன்" என்று சொன்னால் போதும். அன்றே வாய் திறக்காவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். மகளைப் பெற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெண்பிள்ளை இப்படியொரு சோதனைக்குப் போவதற்கு இருமடங்கு துணிவு வேண்டியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை எவனாவது கெடுத்திருந்தால் மானம் கருதி மறைக்காதீர்கள். அது குற்றம், காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். 1098 என்ற எண்ணிலும் உதவி உண்டு.

பல கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இயங்குகிறது. சந்தேகங்களை அங்கே கேட்கலாம். நேரில் கேட்கக் கூசுவோர் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தால், அருகிலுள்ள மையம் எது என்பதையும் சொல்வார்கள்.