பலகை விரித்தவர்கள்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது கள்ளக்குறிச்சியில் நாமும் இனிப்பு வழங்கினோம். அன்றைய பேச்சில் மானுவேல் ஆரோன் பெயர் ஒருமுறைகூட எழவில்லை என்பதே இக்குறிப்பை எழுதத் தூண்டியது.

1935இல் பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்த ஆரோன், 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். ஒன்பது முறை தேசிய வாகையர். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் யூவையே வென்றவர். எனினும் இவ்வெற்றிகளைக் காட்டிலும் அவரது அமைப்புப் பணியே பெரிது என்பது நம் எண்ணம். அன்று நம் திண்ணைகளில் ஆடப்பட்டது வேறொரு சதுரங்கம். கோட்டை கட்டுதல் கிடையாது. மாறாக, ராஜா ஒரேயொரு முறை குதிரையைப் போலத் தாவலாம். அம்மரபில் ஊறியவர்களைச் சர்வதேச விதிகளுக்குப் பழக்கினார், குழுக்கள் அமைத்தார், நூல் பார்த்துப் பயிலச் சொன்னார். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் அவர் தொடங்கிய தால் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார்.

சென்னைக்கு ஒரு மையம் வாய்த்தது. கல்வராயன் மலைக்கு?

கழகமற்ற ஊர்க்காரர்களுக்கு ஒருகாலத்தில் அஞ்சல்வழிச் சதுரங்கம் இருந்தது. அட்டைக்கு ஒரு நகர்வு. மொழி தடையாகாதபடி எண்களால் எழுதினர்: ராஜாவின் சிப்பாய் இரு கட்டம் முன்னேறினால் 5254. அஞ்சல் முத்திரையே கடிகாரம். 1987இல் தொடங்கிய பத்தாவது அஞ்சல் ஒலிம்பியாட் 1995இல் முடிந்தபோது, வெண்கலம் வென்ற கிழக்கு ஜெர்மனி என்னும் நாடே இல்லை! 1953இல் இவ்வாட்டத்தின் முதல் உலக வாகையரான ஆஸ்திரேலியாவின் பர்டி ஓர் இதழாசிரியருங்கூட. சிற்றிதழ் நடத்தியோருக்கு இவ்வாழ்க்கை அந்நியமன்று: முகவரிப் பட்டியல், தபால்தலை, வராத பதிலுக்கான காத்திருப்பு.

இன்று அவ்வாட்டத்தில் கணினியின் துணை அனுமதிக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன. அதை மீட்டெடுக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. வெள்ளிமலைப் பக்கமிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் கைப்பேசியில் இயந்திரத்தோடு ஆடி நன்றாகவே தேறியிருக்கிறார். ஆனால் எதிரில் மனிதர் அமர்ந்திருக்க அவர் ஆடியது நம் துறையறையில்தான், பத்தொன்பதாம் வயதில். இடையிலிருந்த ஆண்டுகளில் அவருக்கு வேண்டியிருந்தது பயிற்சியாளர்கூட அல்லர். ஞாயிறுதோறும் கதவைத் திறந்து பலகை விரிக்கும் ஒருவர். வென்ற பிறகு பரிசுத்தொகை அறிவிக்கும் நாம், அந்த ஒருவருக்குப் பேருந்துக் கட்டணம் தரவும் யோசிக்கிறோம்.

துறையிலிருந்த இரு பலகைகளில் ஒன்றை அவர் மலைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார், தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக. அதில் ஒரு கறுப்புக் குதிரை இல்லை; புட்டிமூடி வைத்து ஆடுகிறார்களாம்.