ஆளோடு போகும் யோசனை

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழைய சொல். இந்த அரசாங்க வேலை மோகத்தால் தலையில் கைவைத்தவர்களில் ஓர் அமெரிக்கரும் உண்டு. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் 1847இல் அமெரிக்க மிஷன் ஊழியராக இங்கு வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கற்றுத் தேறியவர்களில் பலர் கூடிய சம்பளத்துக்காக அரசாங்க வேலைக்கும் பட்டினங்களுக்கும் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி பழையபடி திண்ணையில் கிடந்தான்.

அங்கிருந்துதான் தமிழில் மருத்துவம் என்ற யோசனை வலுப்பெற்றது. இன்று அதை மொழிப்பற்றின் கதையாக மட்டும் சொல்கிறோம். அது பாதிக் கதை. தமிழில் படித்தவன் ஊரிலேயே நிற்பான் என்பது கிறீனின் வாதம். கணக்குப்பிள்ளைக்கும் விளங்கும் வாதம். தான் படிப்பித்த ஆட்களை இழந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் சொந்தத் தலையிடிக்கு அவர் மருந்து சொன்னார்.

மிஷனின் மேலிடமான சபை பொஸ்ரனில் இருந்தது. ஆட்களை அனுப்பியது சுவிசேஷம் சொல்ல; வைத்தியம் அதற்குப் பக்கத்துணை. அப்படிப்பட்ட சபையிடம் கிறீன் வெறுங்கையோடு வாதாடவில்லை. மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் விளக்கும் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1852இலேயே வெளிவந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1855இல், சபையின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் நேரில் வந்தார். ஆங்கிலப் படிப்பு உத்தியோகம் தேடுவோரையே உருவாக்குகிறது, ஊழியம் ஊர்மொழியில் நடக்கட்டும் என்பது அவருடைய கொள்கை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி அந்த ஆண்டே மூடப்பட்டது. ஊரார் மனம் கொதித்தார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் ஆங்கிலக் கல்விக்கு விழுந்த அந்த அடி, தமிழ் மருத்துவத்துக்கு வழிவிட்டது. காற்று தன் பக்கம் திரும்பியபோது கிறீனின் பாய்மரம் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

தாயகம் போய் 1862இல் திரும்பியவர், தமிழ்வழி வகுப்பை நடத்தினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என்று நூல்கள் வந்தன. மாணவரும் உதவியாளருமான தமிழர்கள் கூட இருந்து உழைத்ததால் வந்த நூல்கள் அவை. அந்தத் தலைப்புகளைப் பாருங்கள். வடசொல் கைகொடுத்த இடத்தில் வடசொல். அதுவும் கைவிட்ட இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்பத் திருகியிருக்கிறார்கள். 'கெமிஸ்தம்' கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் சரியான சொல் பிறக்கும்வரை வகுப்பைத் தள்ளிப்போடாத துணிச்சல் அதில் தெரிகிறது.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873இல் கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை, 1884இல் இறந்தார். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வியோ நிலைக்கவில்லை. மானிப்பாயில் 'கிறீன் நினைவு மருத்துவமனை' இருக்கிறது. கிறீனின் வகுப்பு இல்லை. சபை ஓர் ஊழியனுக்கு இடம் கொடுத்ததே தவிர, அவன் யோசனையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதே குறை ஒரு நூற்றாண்டு கழித்து நீரில் தெரிந்தது. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வரைந்தார். கனகராயன் ஆற்று நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுந்து வீணே கடலுக்குப் போகிறது. இருபக்கமும் அடைத்து ஏரியை நன்னீராக்கி, முள்ளியானில் நாலு கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு விட்டால், குடாநாட்டுக் கிணறுகளின் ஊற்று காக்கப்படும். எண்ணம் முழுக்கப் புதிதல்ல. சட்டநிரூபண சபையில் இருந்த க. பாலசிங்கம் முன்பே ஆனையிறவைப் பற்றிப் பேசியிருந்தார். பழைய ஆசைக்கு அளவும் மட்டமும் கொடுத்தவர் ஆறுமுகம். 1960களில் அணை கட்டப்பட்டது, வாய்க்காலும் வெட்டத் தொடங்கினார்கள். பணம் முடிந்ததும் வேலை நின்றது. அணையும் வெள்ளத்தில் உடைந்தது.

திணைக்களம் திட்டத்தை மறுக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மறுத்திருந்தால் சண்டையாவது நடந்திருக்கும். 'நல்ல யோசனை' என்று கோப்பில் எழுதப்பட்ட யோசனைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவும், ஆள் மாறினாலும் பொறுப்பேற்கவும் ஒரு மேசை வேண்டும். நம் அலுவலகங்களில் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் பியோனிலிருந்து பணிப்பாளர் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா 1951இல் தொழிலாளர் யோசனைகளுக்கென ஒரு முறையை அமைத்தபோது, யோசனையைக் கேட்பதும் பரிசீலிப்பதும் நிர்வாகத்தின் அன்றாட வேலையாகிவிட்டது. இங்கே யாழ் ஐ.ரி. ஹப் நடத்தும் 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டி மேடையில் இளைஞர்கள் தம் யோசனைகளைச் சொல்லி நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அதே பிள்ளைகள் நாளை ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்தால் அவர்களிடம் யார் கேள்வி கேட்பார்கள்? இடமாற்றக் கட்டளைதான் வரும்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அது குடிநீருக்கானது, ஆறுமுகத்தின் திட்டமோ நிலத்தடி நீரை நோக்கியது. ஒன்றுக்கு மற்றது ஈடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாளையடியும் முள்ளியானும் ஒரே வடமராட்சி கிழக்கில்தான் இருக்கின்றன. மழைநீரைக் கடலில் கலக்காமல் மறிக்க ஒருவர் கோடு போட்ட அதே மண்ணில், இன்று கடல்நீரின் உப்பை மின்சாரம் செலவழித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.