அரிசிக் கடையில் தீபாவளிக் கூட்டம்: பீதியில் நாம் வாங்கும்போது யாருடைய பங்கு காலியாகிறது?

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி என்பது ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காக வருஷத்தில் பத்துப் பதினோரு மாதம் வேலை நடக்கிறது. மருந்து கலந்து, திரி வைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டி போட்டு, குடோனில் அடுக்கி வைக்கிறார்கள். கடைசிப் பத்து நாளில் நாடே வந்து வாங்கினாலும் சரக்கு இருக்கிறது என்றால், அந்தக் கூட்டம் வரும் என்று தெரிந்தே வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்ததுதான் காரணம்.

மளிகைக் கடை அப்படி இயங்குவதில்லை. இந்த வாரம் எவ்வளவு போகுமோ, அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருப்பு. சூப்பர் மார்க்கெட்டில் இது இன்னும் கறார்: போன வாரம் எவ்வளவு விற்றது என்று கம்ப்யூட்டர் சொல்கிறதோ, அந்த அளவுக்குத்தான் இந்த வாரம் லோடு இறங்கும். அங்கே தேதி குறிக்காத ஒரு தீபாவளிக் கூட்டம் திடீரென்று வந்து நின்றால் என்ன ஆகும்? 2020 மார்ச்சில் நாம் எல்லோரும் பார்த்தோம்.

அன்று என்ன நடந்தது?

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் பேசினார்: நள்ளிரவு 12 மணி முதல் 21 நாளுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் இருந்தது நாலே மணி நேரம். நாட்டின் பல நகரங்களில் ஜனங்கள் கடைகளை நோக்கி ஓடினார்கள். பதற வேண்டாம், அத்தியாவசியப் பொருட்கள் கிடைக்கும் என்று பிரதமரே ட்விட்டரில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையில் அரிசி இல்லாமல் போயிருந்ததா? இல்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய தொகுப்பில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. அந்தத் தேதியில் கையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு சுமார் 2.1 கோடி டன். தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் குடோனில் கிடந்தது. ஆனால் குடோனில் இருக்கும் மூட்டை தானாக நடந்து கடைக்கு வராது. லாரி ஓட வேண்டும், லோடு இறக்க ஆள் வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் தடுமாறியது இந்த மூன்றும்தான்.

விருதுநகருக்கு இதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் என்று அந்த ஊர் மார்க்கெட் விலை நிலவரத்தைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களில் வியாபாரம் பேசுவார்கள். அந்தச் சரக்கில் பெரும்பகுதி அந்த ஊரில் விளைவதே கிடையாது. ஆந்திராவிலிருந்து மிளகாய், வட மாநிலங்களிலிருந்து துவரை, மியான்மரிலிருந்து உளுந்து என்று வந்து, போய்க்கொண்டே இருக்கும் சரக்கு. வந்து போவது நின்றால் வியாபாரமே இல்லை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு அண்ணாச்சி கடைக் கணக்கு

பீதியில் வாங்குவது எப்படித் தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

ஒரு தெருவில் அண்ணாச்சி கடை. 100 வீடு அவரை நம்பி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வாரம் 5 கிலோ அரிசி. மொத்தம் 500 கிலோ. அண்ணாச்சி கொஞ்சம் கூடுதலாக 600 கிலோ வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஒரு வதந்தி. 30 வீட்டுக்காரர்கள் மட்டும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 5 கிலோவுக்குப் பதில் 15 கிலோ வாங்குகிறார்கள். 450 கிலோ போய்விட்டது. மீதி 150 கிலோ. அது இன்னும் 30 வீட்டுக்குத்தான் வரும். கடைசி 40 வீடு வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான்.

கவனியுங்கள், யாரும் ஒரு வாய் கூட அதிகமாகச் சாப்பிடவில்லை. அரிசி எங்கும் தொலையவும் இல்லை. கடை அலமாரியிலிருந்து 30 வீட்டுச் சமையலறைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அண்ணாச்சி பயந்துபோய் 900 கிலோ இறக்குவார். அந்த 30 வீடும் கடைப் பக்கமே வராது. சரக்கு தேங்கும், அவர் போட்ட பணமும் முடங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த 40 வீடு யாருடையது?

சனிக்கிழமைக் கூலியும் ஒண்ணாம் தேதிச் சம்பளமும்

பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு வாரக் கூலி. பலருக்குச் செய்த வேலைக்கு ஏற்ற பீஸ் ரேட். சனிக்கிழமை காசு கைக்கு வந்தால்தான் அடுத்த வாரத்துக்கான மளிகை. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேனில் வந்து போகிறவர்களின் வீட்டுக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது.

இப்போது 2020 காலண்டரை மறுபடி பாருங்கள். ஊரடங்கு அறிவிப்பு வந்தது செவ்வாய்க்கிழமை இரவு. வாரக் கூலிக்காரருக்குக் கடைசியாகப் பணம் வந்த சனிக்கிழமை மார்ச் 21. அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் ஆலைக் கதவு மூடிவிட்டது. அவர் பயப்படவில்லை என்று அர்த்தமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இருந்த பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் பயந்து வாங்கக்கூடக் கையில் காசு வேண்டுமே?

நாம் இதைப் "பீதியில் வாங்குதல்" என்கிறோம். வாங்க முடிந்தவர்களின் பீதி மட்டும்தான் அந்தப் பெயரில் வெளியே தெரிகிறது. செல்போனில் ஆர்டர் போட்டு, கார்டு தேய்த்து, பைக்கில் மூட்டை ஏற்ற முடிந்தவர்கள் முதல் நாளே முடித்துவிடுகிறார்கள். அலமாரி காலியான பிறகு வருகிறவர் கால் கிலோ, அரைக் கிலோ என்று சில்லறையில், ஏறிய விலையில் வாங்குகிறார். என்னைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் மையம். பீதி எல்லோருக்கும் பொது. அதன் செலவை ஏற்பவர் எப்போதும் கடைசியில் வருகிறவர்தான்.

"இல்லாமப் போயிட்டா நீங்க வந்து குடுப்பீங்களா?"

நியாயமான கேள்வி. கூடுதலாக வாங்குகிறவரை முட்டாள், சுயநலக்காரர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மூட்டை தூக்கிப் போவதைப் பார்த்துவிட்டு, நான் மட்டும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்புவது என் வீட்டுக்குப் பாதுகாப்பில்லை. வதந்தி பொய் என்று தெரிந்தாலும், மற்றவர்கள் அதை நம்பி வாங்கினால் சரக்கு தீர்ந்துவிடும் என்பது உண்மைதானே?

இது உலகம் முழுக்க நடந்த கதை. குட்டி ஜப்பான் என்று நாம் சிவகாசியைச் சொல்கிறோம். நிஜ ஜப்பானில் 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, காகிதம் கிடைக்காமல் போகும் என்ற வதந்தியில் டாய்லெட் பேப்பருக்கு ஜனங்கள் வரிசையில் முட்டி மோதினார்கள். 2020 பிப்ரவரி 7-ம் தேதி சிங்கப்பூர் தன் நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியதும் அரிசி, நூடுல்ஸ் அலமாரிகள் காலியாயின. 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டதும், அமெரிக்காவில் நம்மாட்கள் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக அள்ளிய வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது.

அதனால் "பயப்படாதீர்கள்" என்று சொல்வதால் மட்டும் பயம் போகாது. "உன் பங்கு உனக்கு இருக்கிறது" என்ற உறுதி கிடைத்தால்தான் போகும். இலங்கையில் 2022-ல் நிஜமாகவே டாலர் இல்லை, நிஜமாகவே பெட்ரோல் இல்லை. மைல் கணக்கில் வரிசை. வண்டிக்கு இவ்வளவு என்று க்யூஆர் கோடு மூலம் வாரப் பங்கீடு வந்த பிறகு அந்த வரிசைகள் வெகுவாகக் குறைந்தன. நிஜத் தட்டுப்பாட்டிலேயே இது வேலை செய்தது என்றால், வதந்தித் தட்டுப்பாட்டுக்குச் சொல்லவே வேண்டாம்.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் மருந்து

அந்த உறுதியைத் தரும் அமைப்பு தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது: ரேஷன் கடை. 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 2 கோடி அட்டைகள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையில்லாமல் கொடுத்தார்கள். கூட்டம் சேராமல் இருக்க நாள், நேரம் போட்ட டோக்கன் தரப்பட்டது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 பொருள் கொண்ட மளிகைத் தொகுப்பும் வந்தன. தரம் பற்றி, வரிசை பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் டோக்கன் கையில் இருப்பவர் அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை.

அதே அரசு எந்திரம்தான் எதிர்த் திசையிலும் வேலை செய்தது. 2020 மார்ச் 29 முதல் கடைகள் காலை 6 முதல் மதியம் 2.30 வரை மட்டும், ஏப்ரல் 5 முதல் மதியம் 1 வரை மட்டும் என்று நேரத்தைக் குறைத்தார்கள். ஆட்கள் அதே அளவு, நேரம் மட்டும் பாதி என்றால் கூட்டம் கூடத்தானே செய்யும்?

ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை இன்னொரு அறிவிப்பு. சென்னை, கோவை, மதுரையில் 26-ம் தேதி முதல் நாலு நாள் முழு ஊரடங்கு; சேலம், திருப்பூரில் மூன்று நாள். மறுநாள் சனிக்கிழமை ஒரு நாள்தான் அவகாசம். மார்க்கெட்டுகளில் நெருக்கியடித்த கூட்டத்தைப் பார்த்து, 1 மணிக்கு மூட வேண்டிய கடைகளுக்கு அன்று மட்டும் 3 மணி வரை அனுமதி கொடுத்தார்கள். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு மார்க்கெட் பெரிய தொற்று மையமாகி, மே 5-ல் மூடப்பட்டது. அந்த ஒரு சனிக்கிழமைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவே ஆட்களை ஒரே இடத்தில் குவித்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

2021 மே மாதம் கொஞ்சம் பாடம் கற்றிருந்தார்கள். 24-ம் தேதி முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று 22-ம் தேதி சொன்னபோது, இரண்டு நாளும் இரவு 9 மணி வரை கடை திறக்கலாம் என்றார்கள். ஊரடங்கு நாட்களில் காய்கறி வண்டி தெருவுக்கே வந்தது. அப்போதும் கூட்டம் இருந்தது. ஆனால் வண்டி வரும் என்று தெரிந்த வீட்டில் தக்காளியைக் கிலோ கணக்கில் பதுக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

அடுத்த முறை?

அடுத்த முறை என்று ஒன்று வரும். தொற்றோ, புயலோ, வெள்ளமோ, ஏதோ ஒன்று. அரசிடம் கேட்க வேண்டியவை எளிமையானவை. என்ன மூடும் என்பதற்கு முன்னால் என்ன திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். கடை நேரத்தைக் குறைக்காமல் நீட்டுங்கள். ரேஷனில் என்ன, எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை ஊரடங்கு அறிவிப்பிலேயே சேருங்கள். வாரக் கூலி மாவட்டங்களில் சனிக்கிழமைக்கு முன்னால் கதவை மூடாதீர்கள்.

மாதச் சம்பளம் வாங்கும் நாம் செய்யக்கூடியது:

ஒரு வாரத்துக்கான மளிகை எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். அதைச் சாதாரண நாளில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேருங்கள். அறிவிப்பு வந்த அன்று வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

அண்ணாச்சி கடையில் பற்று பாக்கி இருந்தால் முதலில் அதை அடையுங்கள். அந்தக் காசில்தான் அவர் சரக்கு எடுக்கிறார், காசில்லாதவருக்குக் கடன் தருகிறார். "ஆளுக்கு ரெண்டு கிலோதான்" என்று அவர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். யார் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்து அவர் போடும் பங்கீடு அது.

காலி அலமாரி போட்டோவை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அது நாலு மணிக்கு எடுத்த படம். லோடு ஆறு மணிக்கு வந்திருக்கலாம்.

விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்துத்தான் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி குறைந்ததில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. அண்ணாச்சி கடைக் கணக்கும் இதேதான். வீட்டுக்குப் பத்து கிலோ கூடியதில் 40 வீட்டுப் பை காலி. கடைசியாக வரும் அந்த அக்காவுக்கு அலமாரியில் ஒரு பை மிச்சம் இருக்க வேண்டும், அவர் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார்.