குளுக்கோஸ் ஏறுது... பி1 ஏறுதா?

"நாலு நாளா ஒண்ணும் இறங்கலை டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க."

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. ஏற்றினால் பெரும்பாலும் தெம்பு வரத்தான் செய்யும். ஆனால், பல நாள் சாப்பாடே இல்லாமல் கிடந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் மட்டும் தொடர்ந்து ஏறினால், மூளையே பாதிக்கப்படலாம்.

காரணம், தயமின் என்கிற வைட்டமின் பி1 பற்றாக்குறை. சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க இது கட்டாயம் வேண்டும். காற்றுப் புகாத அடுப்பில் விறகைத் திணித்தால் புகைதான் மண்டும். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸும் அப்படித்தான். முழுதாக எரியாமல் லாக்டிக் அமிலமாகத் தேங்கும். சர்க்கரையை நம்பியே இயங்கும் மூளைக்கு அடி பலமாக விழும். தினசரித் தேவை என்னவோ 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். ஆனால், உடம்பின் மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம். இரண்டு, மூன்று வாரத்தில் காலி!

1881-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக் இந்த மூளை பாதிப்பை விவரித்தார். அவர் பார்த்த மூவரில் இருவர் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள். மூன்றாமவர் 20 வயதுத் தையல்காரப் பெண். அமிலத்தை விழுங்கியதால் இரைப்பை புண்ணாகி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போனது. 'இது குடிகாரர்களுக்கு வர்ற வியாதி' என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெண்ணை மறந்துவிட்டார்கள் போல.

குடல் ஆபரேஷன், ஓயாத வாந்தி போன்ற காரணங்களால் சாப்பிடவே முடியாதவர்களுக்கு முழு உணவையும் ரத்தக்குழாய் வழியாகவே கொடுப்பார்கள். 'டி.பி.என்' என்பது இதுதான். வைட்டமின் சேர்க்காமல் இப்படி உணவு ஏற்றப்பட்ட மூன்று பேர் இறந்ததை, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1989-ல் பதிவு செய்தது. 1996-97-ல் அங்கே வைட்டமின் ஊசி மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது மறுபடியும் அதே கதை. 2000-ல் அந்த வைட்டமின் கலவையில் பி1 அளவை 3 மில்லிகிராமில் இருந்து 6 ஆக உயர்த்தச் சொன்னார்கள். இத்தனைக்கும் பி1 விலை மலிவான மருந்து!

பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், கண்ணில் இரட்டைப் பார்வை... இவைதான் அறிகுறிகள். மூன்றும் சேர்ந்து வரும் எனக் காத்திருக்கக் கூடாது. பலருக்குக் குழப்பம் மட்டுமே தெரியும். 'வயசாயிடுச்சு, ஆஸ்பத்திரி வாசம், அதான் உளர்றார்' என்று வீட்டார் விட்டுவிடுவது இங்கேதான். ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும் என்பதால், சந்தேகம் வந்தவுடனே டாக்டர்கள் பி1 ஊசியைப் போட்டுவிடுவார்கள், அதுவும் குளுக்கோஸுக்கு முன்பாகவோ கூடவேயோ. அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். தாமதமானால் சிலருக்குப் போன ஞாபகசக்தி திரும்புவதே இல்லை.

கர்ப்பிணிகளின் கடும் வாந்தி, உடல் எடைக் குறைப்பு ஆபரேஷன், நீண்ட நாள் பட்டினி என யாருக்கு டிரிப்ஸ் ஏறினாலும், கூட இருப்பவர் டியூட்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்: "இவர் ரெண்டு வாரமா சரியா சாப்பிடலை. பி1 சேர்த்திருக்கீங்களா டாக்டர்?"