கேட்டதாகச் சொல்லாதீர்கள்

எங்கட மொழியில் கேள்வி கேட்பதும் "கேட்பது"தான், காதால் கேட்பதும் "கேட்பது"தான். அரசாங்கங்களுக்கு முதலாவது மட்டும்தான் வரும். கூட்டம் வைச்சாச்சு, தேத்தண்ணி குடுத்தாச்சு, வரவுத்தாளில் கையெழுத்தும் வாங்கியாச்சு. பிறகு அறிக்கையில் ஒரு வரி: "சமூகத்தோடு கலந்தாலோசித்தோம்." அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்களுக்கு இந்த வரி நல்லாப் பழகினது. சிலவேளை அந்தக் கூட்டம்கூட நடப்பதில்லை.

2007ஐ எடுங்கள். நோர்தேர்ன் டெரிட்டரியில் ஆதிக்குடிச் சிறுவர்கள் மீதான பாலியல் துஷ்பிரயோகம் பற்றி ரெக்ஸ் வைல்டும் பாட் அன்டர்சனும் ஓர் அறிக்கை தந்தார்கள். பாட் அன்டர்சன் தானும் ஓர் ஆதிக்குடிப் பெண். மொத்தம் 97 பரிந்துரைகள். முதலாவது பரிந்துரையே இரண்டு விசயத்தைச் சேர்த்துச் சொன்னது: இது அவசரமான தேசியப் பிரச்சினை, திட்டங்களை வகுக்கும்போது அந்த மக்களோடு உண்மையாகக் கலந்தாலோசியுங்கள்.

ஜோன் ஹோவார்ட் அரசாங்கம் என்ன செய்தது? "அவசரம்" என்ற சொல்லை மட்டும் வெட்டி எடுத்தது. அறிக்கை வெளியாகி ஒரு கிழமைக்குள், ஜூன் 21 அன்று, "தலையீடு" அறிவிக்கப்பட்டது. இராணுவத்தினரை அனுப்பினார்கள். ஊர்களின் நிலத்தை ஐந்து வருடக் குத்தகைக்குக் கட்டாயமாக எடுத்தார்கள். சனத்துக்குக் கிடைக்கிற அரச கொடுப்பனவில் பாதியை என்னத்துக்குச் செலவழிக்கலாம் என்பதையும் அரசாங்கமே தீர்மானித்தது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் குறுக்கே நிற்குமே? அதற்கென்ன, இந்த நடவடிக்கைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதபடி நிறுத்திவைத்தார்கள்.

"பிள்ளையள் ஆபத்தில இருக்கேக்க கூட்டம் வைச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கிறதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கும். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு ஆபத்து, அந்தப் பிள்ளை பயந்தால் யாரிடம் ஓடும், எந்தப் பாட்டியின் சொல்லுக்கு ஊர் அடங்கும் என்பதெல்லாம் கன்பராவில் இருக்கிற அதிகாரிக்குத் தெரியாது. ஊருக்குத்தான் தெரியும். அந்த ஊரைக் கேளாமல் செய்வது வேகமில்லை, குருட்டுத்தனம்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, சிட்னியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற பேர்க் என்ற சின்ன ஊரைப் பாருங்கள். 2013 முதல் அங்கே "மரங்குகா" என்ற முயற்சி நடக்கிறது. ஙெம்பா மொழியில் மற்றவர்களைப் பராமரித்தல் என்று அர்த்தம். பிள்ளைகள் ஏன் மறியலுக்குப் போகிறார்கள் என்ற தரவுகளை ஊருக்கு முன்னால் வைத்து, ஊரே இருந்து கதைத்தது. லைசென்ஸ் இல்லாமல் வாகனம் ஓட்டியே பலர் வழக்கில் மாட்டுவது தெரிந்ததும், லைசென்ஸ் எடுக்கப் பழக்கினார்கள். இதற்குத் தலைமை தாங்குவது ஆதிக்குடிகளின் சபை. பொலிசும் அதிகாரிகளும்தான் அதன் மேசைக்கு வரவேண்டும். 2018இல் கேபிஎம்ஜி நிறுவனம் மதிப்பிட்டபோது, 2016ஐ விட 2017இல் பொலிசில் பதிவான குடும்ப வன்முறை 23 வீதம் குறைந்திருந்தது. பேர்க் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இராணுவம் போகாமலே இது நடந்தது.

2017இல் ஆதிக்குடிப் பிரதிநிதிகள் உலுருவில் கூடி, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அரசியலமைப்பில் எங்களுக்கொரு குரல் தாருங்கள் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு வழிவகுத்த சபையின் இணைத்தலைவர்களில் ஒருவர் அதே பாட் அன்டர்சன். வீட்டோ அதிகாரம் கேட்கவில்லை. ஆலோசனை சொல்லும் உரிமை, அவ்வளவுதான். 2023 ஒக்டோபர் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 வீதம் பேர் அதற்கும் இல்லை என்றார்கள். "எல்லாரும் ஒரே நாட்டு மக்கள்தானே, பிறகேன் தனிக்குரல்?" என்பது பெரிய வாதமாக இருந்தது. இலங்கையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நாங்கள் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்!

அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்த எங்கட சனத்துக்கும் அன்றைக்கு வாக்கு இருந்தது. அடுத்த முறை மெல்பேர்னிலிருந்து கோல் வரும்போது கேட்டுப்பாருங்கள்: "மாமா, நீங்கள் எதுக்குப் போட்டனீங்கள்? ஏன்?"

கேட்டுவிட்டு, பதிலையும் கேளுங்கள்.