போதும்பொண்ணு

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் 'போதும்பொண்ணு' என்று பெயருள்ளவர்கள் இன்றும் உண்டு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்த பெயர். பல சாதியிலும் வைத்தார்கள். சேரியில் பிறந்தவளுக்கு அது இரட்டைச் சுமை. வீட்டுக்கு அவள் வேண்டாத பிள்ளை. ஊர்த்தெருவிலோ பேரன் வயதுப் பையனும் 'ஏ போதும்பொண்ணு' என்பான். அக்கா, அம்மா என்று அவன் வாயில் வராது.

ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் கொடுத்தது 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் மீனாம்பாள் சிவராஜ். தலைவருக்கே பெயர் சூட்டிய பெண்களின் வழிவந்தவர்கள் நாம். மாணவிகளே, பெயர் வலித்தால் அரசிதழில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற மனமில்லை என்றால் தலைநிமிர்ந்தே சொல்லுங்கள். வயதில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தை ஊர்தான் மாற்ற வேண்டும். அதற்கு அரசிதழ் தேவையில்லை.